தெரியாது என்பதற்கு ஒரு பெயர்

1873 பிப்ரவரியில் லண்டனில் ஒரு விருந்துக்குப் போய்வந்த பீட்டர்பரோ பிஷப் வில்லியம் மெகீ, பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை ஒரு கடிதத்தில் வரிசையாக எழுதியிருக்கிறார். தலைமை இடத்தில் கத்தோலிக்கப் பேராயர் மேனிங். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு புராட்டஸ்டன்ட் பிஷப்புகள். அதில் ஒருவர் மெகீயேதான். அப்புறம் ஒரு பத்திரிகை ஆசிரியர், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், கடவுள் இருக்கட்டும் ஆனால் வேதம் வேண்டாம் என்கிற கட்சியைச் சேர்ந்த சிலர், ஒரு காலத்தில் திருச்சபையில் டீக்கனாக இருந்து வெளியேறிய வரலாற்றாசிரியர் ஃப்ரூட், ‘பார்த்தாலே நாத்திகர் என்று தெரிகிற’ ஒரு கவிஞர். கடைசியாகக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின். சாப்பாடு முடிந்ததும் ரஸ்கின் அற்புதங்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். அமைதியாகவும் நியாயமாகவும் நடந்தது என்று மெகீ ஒப்புக்கொள்கிறார். கிறிஸ்தவர்களான எங்கள் கைதான் ஓங்கியிருந்தது என்று ஒரு வரி சேர்க்கவும் மறக்கவில்லை. ஒரு யூதரும் ஒரு முஸ்லிமும் இருந்திருந்தால் எங்கள் மத மியூசியம் முழுமையாகியிருக்கும் என்று கிண்டலும் செய்கிறார்.

அந்தப் பந்தியை நடத்திய சங்கத்தின் பெயர் மெட்டாஃபிசிக்கல் சொசைட்டி, அதாவது மெய்ப்பொருளியல் சங்கம். 1869 முதல் 1880 வரை இருந்தது. அதற்கென்று கட்டடம் கிடையாது, ஓட்டலில்தான் கூடுவார்கள். ஆனால் இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு சொல், அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரின் சங்கடத்திலிருந்து பிறந்தது. ‘அக்னாஸ்டிக்’. கடவுள் உண்டா என்று கேட்டால் உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், தெரியாது என்கிறவர். தமிழில் அறியொணாவாதி என்று எழுதுகிறோம். அந்த மொழிபெயர்ப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சங்கத்தைத் தொடங்கியவர் ஜேம்ஸ் நோல்ஸ் என்ற கட்டடக் கலைஞர். ஆல்ஃபிரட் டென்னிசனுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர். அந்தப் பழக்கத்தில் கவிஞரின் நண்பரானவர். 1868 நவம்பரில் டென்னிசனும், சார்லஸ் பிரிட்சார்ட் என்ற வானியல் அறிஞரும் நோல்ஸ் வீட்டில் விருந்தாளிகள். பேச்சு மதத்தின் பக்கம் திரும்பியது. டார்வினின் நூல் வெளிவந்து ஒன்பது வருடம் ஆகியிருந்த காலம் அது. படித்தவர்களிடையே நம்பிக்கை ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. இறைநம்பிக்கை உள்ளவர்கள் ஒன்றுகூடி இந்த அலைக்குப் பதில் சொல்ல ஒரு சங்கம் வைத்தால் என்ன என்பதுதான் முதலில் எழுந்த யோசனை. அதாவது, ஒத்த கருத்துள்ளவர்கள் கூடி ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்ளும் இன்னொரு சபையாகத்தான் அது ஆகியிருக்க வேண்டும். நோல்ஸ் ஆள் சேர்க்கப் போன இடத்தில், எதிர்த்தரப்பையும் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் இதில் அர்த்தமில்லை என்று சிலர் சொன்னார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் தலைமைக் குருவான டீன் ஸ்டான்லியும், யூனிடேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சிந்தனையாளர் ஜேம்ஸ் மார்ட்டினோவும் அவர்களில் முக்கியமானவர்கள். நோல்ஸ் கேட்டுக்கொண்டார். டி. ஹெச். ஹக்ஸ்லி, ஜான் டிண்டல் போன்ற விஞ்ஞானிகளுக்கு அழைப்பு போனது அப்படித்தான்.

மொத்தம் 62 பேர் உறுப்பினர்களாக இருந்திருக்கிறார்கள். அப்போது பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் அதில் ஒருவர். தத்துவ அறிஞர்கள் ஜான் ஸ்டூவர்ட் மில், ஹெர்பர்ட் ஸ்பென்சர், கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் மூவரும் அழைப்பை ஏற்கவில்லை.

நடைமுறை எளிமையானது. நவம்பர் முதல் ஜூலை வரை மாதம் ஒரு கூட்டம், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை இரவு. பேசப்போகும் கட்டுரையை முன்கூட்டியே அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவார்கள். ஆகவே வருகிறவர் படித்துவிட்டு வரலாம், யோசித்துவிட்டு வரலாம். மேடையில் வீசிய ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மடக்குகிற வேலை நடக்காது. முதலில் சாப்பாடு, பிறகு வாசிப்பு, பிறகு விவாதம். பேச்சைக் குறிப்பெடுத்து வெளியிடும் வழக்கம் இல்லை. தலைமையும் ஒரு தரப்பிடமே தங்கவில்லை. மேனிங் தலைவராக இருந்திருக்கிறார், ஹக்ஸ்லியும் இருந்திருக்கிறார்.

இந்த விதிகளைவிட முக்கியமானது ஒன்று எழுதப்படாமலே உருவானது. அது உருவான கதையை, உறுப்பினர்களில் ஒருவரான டபிள்யூ. ஜி. வார்டின் மகன் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். வார்ட் கத்தோலிக்கராக மாறியவர். சும்மா கத்தோலிக்கர் இல்லை, தினமும் காலைப் பத்திரிகையோடு போப்பின் ஆணை ஒன்றும் வந்தால் எனக்குச் சந்தோஷம் என்று சொன்னதாகப் பெயர் எடுத்தவர். தொடக்கக் கூட்டம் ஒன்றில், மாற்றுக் கருத்துள்ளவர்மீது யாரும் ஒழுக்கக் குற்றச்சாட்டு வைக்கக்கூடாது என்று பேச்சு வந்தது. வார்ட் எழுந்தார். பொதுவாகச் சரிதான், ஆனால் திரு. ஹக்ஸ்லியைப் போன்றவர்களின் கருத்து பரவுவதைப் பார்த்து ஒரு கிறிஸ்தவனுக்கு வருகிற அருவருப்பைக் கொஞ்சமும் காட்டிக்கொள்ளாமல் இருக்கச் சொல்வது எதிர்பார்க்கக்கூடியது அல்ல என்றார். உடனே ஹக்ஸ்லி: வார்ட் இவ்வளவு சொன்ன பிறகு நானும் சொல்லிவிடுவதுதான் நியாயம், அவருடைய கருத்துகளை எல்லாரும் ஏற்றால் மனித அறிவு எவ்வளவு கீழே போகும் என்று எனக்குத் தோன்றுவதை என்னாலும் மறைக்க முடியாது.

சில நொடிகள் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் புரிந்தது. இந்தத் தொனிக்கு இடம் கொடுத்தால் சங்கம் ஒருநாள்கூடத் தாங்காது. அதற்கப்புறம் அந்தத் தொனி வரவில்லை. வார்டும் ஹக்ஸ்லியும் நண்பர்களானார்கள். ஒருமுறை வார்ட் வீட்டுக்குச் சாப்பிடப் போன ஹக்ஸ்லி, ஜன்னல் பக்கம் போய்த் தோட்டத்தை எட்டிப் பார்த்தாராம். என்ன தேடுகிறீர்கள் என்று வார்ட் கேட்க, சாப்பாட்டுக்குப் பிறகு எங்களைக் கட்டிவைத்து எரிக்கக் கம்பம் நட்டுவைத்திருப்பீர்களே, அது எங்கே என்று பார்க்கிறேன் என்றார்.

வார்டும் மேனிங்கும் எந்தக் காலத்தில் இந்த மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1869 டிசம்பரில் ரோமில் கத்தோலிக்க பிஷப்புகளின் பேரவையான வத்திக்கான் சங்கம் கூடியது. நம்பிக்கை, ஒழுக்கம் பற்றி அதிகாரபூர்வமாகப் போதிக்கும்போது போப் தவறவே மாட்டார் என்ற கோட்பாட்டை 1870 ஜூலை 18 அன்று அது அறிவித்தது. அதற்காக முன்னின்று உழைத்தவர்களில் மேனிங் ஒருவர். ஆக, ‘இவர் தவறவே மாட்டார்’ என்பதை ரோமில் சட்டமாக்க உழைத்த அதே மனிதர், ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதற்கு லண்டனில் பெயர் வைத்த ஹக்ஸ்லியோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறார்.

சரி, அந்தப் பெயருக்கு வருவோம். அது எப்படி வந்தது என்று இருபது வருடம் கழித்து, 1889இல், ஹக்ஸ்லியே விளக்கினார். சங்கத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரு அடையாளச் சீட்டு இருந்தது. ஒருவர் ஆத்திகர், ஒருவர் பொருள்முதல்வாதி, ஒருவர் கருத்துமுதல்வாதி, ஒருவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் காம்ட்டின் சீடர். தன்னிடம் மட்டும் போர்த்திக்கொள்ள ஒரு கந்தல்கூட இல்லை என்று அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். பொறியில் வாலைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பிவந்த நரி, வாலுள்ள நரிகளின் நடுவே நின்ற மாதிரி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைதான். அந்த நரி மற்றவர்களையும் வாலை அறுத்துக்கொள்ளச் சொன்னது. ஹக்ஸ்லி நேர்மாறாகச் செய்தார்: தனக்கென்று ஒரு வாலைச் செய்து ஒட்டிக்கொண்டார்.

பழைய திருச்சபை வரலாற்றில் ‘நாஸ்டிக்’ என்று ஒரு கூட்டம் உண்டு. கிரேக்கத்தில் க்னோசிஸ் என்றால் ஞானம். மறைபொருளெல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். எனக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றியே அவ்வளவு தெரிந்ததாகச் சொன்ன அவர்களுக்கு எதிர்ப்பதமாக ஒரு ‘அ’வைச் சேர்த்தேன் என்கிறார் ஹக்ஸ்லி. இந்த இடத்தில் தமிழ்க் காதுக்கு இரண்டு வேடிக்கை. ஒன்று, ‘நாஸ்டிக்’ என்பது நமக்கு நாஸ்திகம்போலக் கேட்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, கிரேக்க க்னோசிஸும் வடமொழி ஞானமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. முன்னால் நிற்கும் எதிர்மறை ‘அ’வும் இரு மொழிக்கும் பொது. அப்படியானால் அக்னாஸ்டிக்குக்கு மிக நெருங்கிய உறவுக்காரச் சொல் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது: அஞ்ஞானி. பழைய தமிழ் பைபிளில் வேற்று மதத்தாரைக் குறிக்கும் சொல் அது. பிறரைத் திட்ட வைத்திருந்த ஒரு பட்டத்தை ஒருவர் தானே எடுத்து மார்பில் குத்திக்கொண்டதுபோல நினைத்துப் பார்த்தால், ஹக்ஸ்லி செய்த குறும்பு தமிழில் இன்னும் நன்றாகப் புரியும்.

இந்தச் சொல் பிறந்த கதைக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் ஆசிரியர் ஆர். ஹெச். ஹட்டனும் சங்க உறுப்பினர். அந்தச் சொல்லைப் பத்திரிகை வழியாகப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு. அவர் எழுதிய கடிதம் ஒன்றில் வேறு கதை இருக்கிறது. 1869இல் நோல்ஸ் வீட்டு விருந்தில், என் காதுபட ஹக்ஸ்லி சொன்னார். ஏதென்ஸில் பவுல் கண்ட ‘அறியப்படாத தேவனுக்கு’ என்ற பலிபீடத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னார் என்கிறார். ஹக்ஸ்லியின் விளக்கத்தில் பலிபீடமே வரவில்லை. ஒருவர் அந்தச் சொல்லை உண்டாக்கியவர், மற்றவர் கூட இருந்து கேட்டவர். யாருக்கு ஞாபகப் பிசகு? தெரியாது என்பதைத்தான் இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல் 1869இல் வந்தாலும், அதன் பொருளுக்கு ஹக்ஸ்லி ஒன்பது வருடம் முன்பே விலை கொடுத்திருந்தார். 1860 செப்டம்பரில் அவருடைய மூத்த மகன் நோயல் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான். நான்கு வயதுகூட நிறையவில்லை. அவருடைய நண்பர் சார்லஸ் கிங்ஸ்லி பாதிரியார். ஆன்மா அழியாது, மகனை மறுபடி பார்ப்பீர்கள் என்ற ஆறுதலோடு கடிதம் எழுதினார். ஹக்ஸ்லியின் பதில் நீளமானது. ஆன்மா அழியாது என்பதை நான் மறுக்கவும் இல்லை, உறுதி சொல்லவும் இல்லை. நம்பக் காரணம் தெரியவில்லை, பொய் என்று நிரூபிக்கவும் வழி இல்லை என்று எழுதினார். அடக்கத்தின்போது நடந்த ஒன்றையும் அதில் சொன்னார். மகனின் பெட்டிக்குப் பின்னால், விவாதத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொண்டு அவர் நிற்கிறார். பாதிரியார் தம் கடமைப்படி வாசிக்கிறார்: மரித்தோர் எழுந்திருக்காவிட்டால், புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம். அந்த வரி அவரை உலுக்கிவிட்டது. மரணத்துக்குப் பின் வாழ்வு உறுதியில்லை என்பதற்காக என் துக்கத்தையும் கடமையையும் உதறிவிட்டு மிருகமாகிவிட வேண்டுமா என்பது அவர் கோபம்.

அறியொணாவாதி என்ற சொல் எனக்குப் பிடிக்காமல் போவது இதனால்தான். அறியொணாதது என்றால் யாராலும், எப்போதும் அறிய முடியாதது. அதுவே ஒரு பெரிய உரிமைகோரல். அறிவுக்கு எட்டாத ஒன்றைக் கண்டு அதற்குப் பெரிய எழுத்தில் பெயரும் வைத்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். ஹக்ஸ்லி சொன்னது அதைவிடச் சின்னது: எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும் என்பதற்கு நீ இன்னும் சான்று காட்டவில்லை. இது ஒரு கொள்கையே இல்லை, வழிமுறை என்று 1889இல் எழுதினார். அறிவு சம்பந்தப்பட்ட விஷயத்தில் பகுத்தறிவு கொண்டுபோகும் தூரம்வரை போ. நிரூபிக்கப்படாததை நிச்சயம் என்று காட்டிக்கொள்ளாதே. அவ்வளவுதான்.

இந்த வழிமுறையைச் சங்கத்தில் இன்னும் கூர்மையாக்கியவர் ஒரு இளம் கணிதப் பேராசிரியர், வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட். 1876 ஏப்ரல் 11 அன்று அவர் வாசித்த கட்டுரை நம்பிக்கையின் அறம் பற்றியது. அதன் தொடக்கத்தில் ஒரு கதை வருகிறது. ஒரு கப்பல் முதலாளி. அவருடைய கப்பல் பழையது, கட்டும்போதே அவ்வளவு சரியாகக் கட்டப்படாதது, பலமுறை பழுது பார்த்தது. புது நாட்டில் பிழைக்கப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது கிளம்ப வேண்டும். கப்பல் தாங்குமா என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது. பிரித்துப் பார்த்துச் சரிசெய்யலாம், செலவாகும். அதனால் அவர் தம் மனதோடு பேசுகிறார். இத்தனை பயணம் போய்த் திரும்பியிருக்கிறதே. பிழைக்கப் போகிற குடும்பங்களைக் கடவுள் கைவிடுவாரா? கப்பல் கட்டியவர்களைச் சந்தேகப்படுவது நல்ல குணமா? பேசிப் பேசி, கடைசியில் மனப்பூர்வமாக நம்பிவிடுகிறார். லேசான மனதோடு வழியனுப்பி வைக்கிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. இன்சூரன்ஸ் பணம் வருகிறது.

அவர் உண்மையாகவே நம்பினார் என்பதைக் கிளிஃபர்ட் மறுக்கவில்லை. அதை நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார். கையில் இருந்த சான்று அந்த நம்பிக்கையைத் தரவில்லை. சந்தேகத்தைக் கழுத்தை நெரித்துத்தான் அதைச் சம்பாதித்தார். அடுத்த திருகல் இன்னும் பலமானது. கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? குற்றம் இம்மியும் குறையாது. அவர் மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவே. போதிய சான்று இல்லாமல் எதை நம்புவதும் யாருக்கும் எப்போதும் தவறு என்பது அவர் முடிவு. இது வெறும் உவமையாக அங்கே கேட்டிருக்காது. கடலுக்கு லாயக்கற்ற கப்பல்களை இன்சூரன்ஸ் செய்து அனுப்புவதைப் பற்றி நாடாளுமன்றத்தில் சாமுவேல் பிளிம்சால் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. கிளிஃபர்டும் 1870இல் கிரகணம் பார்க்கப் போகும் வழியில் சிசிலி அருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். 1879இல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 33.

கிளிஃபர்டின் விதி எனக்குக் கொஞ்சம் அதிகம் என்றே தோன்றுகிறது. போதிய சான்று வரும்வரை காத்திருந்தால் யாரும் கல்யாணம்கூடச் செய்துகொள்ள முடியாது. ஆனால் கப்பல் முதலாளியை மறக்க முடிவதில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்வதை அடக்கம், பணிவு என்ற வரிசையில்தான் நாம் வழக்கமாக வைக்கிறோம். அந்த முதலாளி ‘தெரியவில்லை, பார்த்துவிடுவோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செலவாகியிருக்கும். அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காகத்தான் அவருக்கு நம்பிக்கை தேவைப்பட்டது.

சொந்தச் செலவில் அதைச் செய்தவர்களும் இதே சங்கத்தில் இருந்தார்கள். ஹென்றி சிட்ஜ்விக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஃபெலோ. அந்தப் பதவிக்கு ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்பதாக ஒப்பம் இட்டிருக்க வேண்டும். பலரும் போட்டுவிட்டு மறந்துபோகிற கையெழுத்து. இனி மனதார ஏற்க முடியவில்லை என்று 1869இல், சங்கம் பிறந்த அதே வருடம், பதவியை விட்டுவிட்டார். இரண்டு வருடத்தில் அந்தக் கட்டாயத்தையே சட்டம் நீக்கியது. லெஸ்லி ஸ்டீபன் தாம் பெற்றிருந்த குருப்பட்டத்தை 1875இல் சட்டப்படி துறந்தார்.

சங்கத்தில் நடந்ததெல்லாம் இப்படிக் கனமானது என்று நினைக்க வேண்டாம். 1870 நவம்பரில் ஹக்ஸ்லி வாசித்த கட்டுரையின் தலைப்பு: தவளைக்கு ஆன்மா உண்டா? தவளையை வெட்டினால் ஆன்மா எந்தத் துண்டோடு போகும் என்பதுதான் கேள்வி. 1876 ஜனவரியில் அவரே இயேசுவின் உயிர்த்தெழுதலுக்கு என்ன சான்று என்று ஒரு உடற்கூறியலாளரின் கண்ணோடு கேட்டார். கிறிஸ்தவ நாட்டில், பாதிரிமார் உறுப்பினர்களாக உள்ள சபையில் இதைக் கேட்க முடிந்தது சாதாரணம் இல்லை. கதவு மூடியிருந்ததால்தான் முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறுப்பினர் எல்லாரும் ஆண்கள், வசதியானவர்கள். அதே லண்டனில், அவர்களில் பலருக்குத் தெரிந்தவராக, அவர்களில் யாருக்கும் அறிவில் குறையாதவராக, ஆண் பெயரில் எழுதிய பெண் நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த மேஜையில் அவருக்கு நாற்காலி இல்லை.

1880இல் சங்கம் கலைந்தது. சண்டை எதுவும் இல்லை. பேச வேண்டியதைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். அளவுக்கு மீறிய அன்பால் செத்தது என்பது ஹக்ஸ்லியின் கிண்டல். பத்து வருடம் பாடுபட்டும் மெட்டாஃபிசிக்ஸ் என்றால் என்ன என்று ஒருவராலும் வரையறுக்க முடியவில்லை, அதனால்தான் என்பது டென்னிசனின் கிண்டல்.

கதவுக்கு வெளியே நிலைமை வேறு. 1888இல் மான்செஸ்டரில் நடந்த திருச்சபை மாநாட்டில் லண்டன் கிங்ஸ் காலேஜ் முதல்வர் ஹென்றி வேஸ், அக்னாஸ்டிக் என்று புதுப்பெயர் சொல்லிக்கொள்கிறவனின் உண்மையான பெயர் பழையது, அவன் அவிசுவாசி என்றார். அதே மாநாட்டில் ஒரு பிஷப் ‘கோழைத்தனமான அக்னாஸ்டிசிசம்’ என்று பேசியதாகச் செய்தி வந்தது. அந்த பிஷப் பீட்டர்பரோவைச் சேர்ந்தவர். ஆமாம், பந்தி வரிசையைக் கடிதத்தில் எழுதிய அதே மெகீ. ஹக்ஸ்லி பதில் எழுதிய பத்திரிகை நைன்டீன்த் செஞ்சுரி. அதன் ஆசிரியர், அந்த மேஜையைப் போட்ட நோல்ஸ். வால் போன நரியின் கதை அந்தப் பதிலில்தான் வருகிறது. மெகீயும் அடுத்த மாதமே அதே பத்திரிகையில் தன்னிலை விளக்கம் கொடுத்தார். பத்திரிகைப் பக்கத்தில் சாப்பாடும் இல்லை, எதிரில் முகமும் இல்லை. அந்தச் சண்டை மாதக்கணக்கில் நீண்டது.

ஹக்ஸ்லி 1895 ஜூனில் இறந்தார். லண்டன் ஃபின்ச்லி கல்லறையில், நோயலைப் புதைத்த இடத்திலேயே அவரையும் புதைத்தார்கள். கல்லில் மூன்று வரி இருக்கிறது. மனைவி ஹென்றியெட்டா எழுதிய கவிதையிலிருந்து எடுத்தவை. அழுது காத்திருக்கும் நெஞ்சங்களே, அஞ்ச வேண்டாம் என்று முதல் வரி. தம் அன்புக்குரியவர்களுக்குக் கடவுள் இன்னும் உறக்கம் தருகிறார் என்று இரண்டாவது. மூன்றாவது வரியில் ஒரு ‘ஒருவேளை’ வருகிறது: ஒருவேளை முடிவில்லாத உறக்கம்தான் அவர் சித்தம் என்றால், அதுவும் நல்லதே.